எல்லைக்கல் நடும் முன் மேன்ஹோல் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் மனை தெருவோரம் 20 மீட்டர் அகலம், உள்ளே 60 மீட்டர் நீளம். முன்பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீடு. பின்னால் காலியாகக் கிடக்கும் 32 மீட்டரை இரண்டு மனைகளாகப் பிரித்து விற்க நினைக்கிறோம். பக்கவாட்டில் மூன்றரை மீட்டர் வழி விடலாம். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றும் முன்தெருவில்தான் இருக்கின்றன. நிலம் தெருவிலிருந்து பின்பக்கமாகச் சரிகிறது. கடைசி மூலையில் 70 சென்டிமீட்டர் இறக்கம் இருக்கும். இணைப்புகளைக் கொடுத்துவிட்டு விற்பதா, வாங்குபவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதா? எங்கள் வீட்டு லைனிலிருந்தே கிளை எடுத்துக் கொடுத்தால் செலவு குறையும் என்கிறார் பிளம்பர். செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சர்வேயரை அழைப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எல்லையைப் பிரித்து, வரைபடம் போட்டு, ஒப்புதலும் வாங்கிய பிறகுதான் குழாய்க்கு வழி தேடுகிறார்கள். அப்போது ஒரு மீட்டர் இடம் போதாமல் போனாலும் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். தண்ணீரை அழுத்தம் தள்ளிக்கொண்டு போகும். மின்சாரக் கேபிள் எந்தப் பக்கமும் வளையும். கழிவுநீர் மட்டும் இறக்கம் இருந்தால்தான் ஓடும். அதனால் உங்கள் மனையில் எந்த வீடு எங்கே வரலாம், தரைமட்டம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தெருவில் போகும் கழிவுநீர்க் குழாயின் ஆழம்தான். உங்கள் நிலம் பின்னோக்கிச் சரிவதால் இந்தக் கணக்கைத் தள்ளிப்போட வழியே இல்லை.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கடைசி மனையில் கட்டும் வீட்டின் கழிவறை தெருக் குழாயிலிருந்து 60 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் வீட்டுக் குழாய்க்கு 60-க்கு 1 சரிவு பாதுகாப்பானது. ஆக 60 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் வேண்டும். கழிவறைப் பக்கம் குழாயின் அடிமட்டம் தரைக்குக் கீழே குறைந்தது 60 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குழாயின் மேல் அரை மீட்டர் மண் இல்லையென்றால் வண்டி ஏறினாலும் மண்வெட்டி பட்டாலும் உடையும். இதோடு நிலத்தின் 70 சென்டிமீட்டர் சரிவையும் கூட்டுங்கள். மொத்தம் 2.3 மீட்டர். தெருவில் உங்கள் குழாய் போய்ச் சேரும் இடம் தெரு மட்டத்திலிருந்து 2.3 மீட்டர் ஆழத்தில் இருந்தால்தான் பம்ப் இல்லாமல் வேலை நடக்கும்.

தெரு மேன்ஹோலில் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அளவுகோலை இறக்கிப் பார்த்தால் அடிமட்டம் 2.05 மீட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குழாய் தெருக் குழாயின் அடியில் சேராது, மேல்பாதியில்தான் சேரும். 225 மில்லிமீட்டர் தெருக் குழாய் என்றால் 15 சென்டிமீட்டர் அங்கேயே போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது 1.9 மீட்டர்தான். (மூடியைத் திறக்கக் கழிவுநீர் நிறுவனத்தின் அனுமதியும் ஆளும் வேண்டும். மேலிருந்தே அளக்க வேண்டும், உள்ளே யாரும் தலையைக் கூட நீட்டக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஆளைச் சாய்க்க ஒரு மூச்சு போதும்.) தூரம் 60 மீட்டர் என்பதால் மட்டத்தை ஆட்டோ லெவல் (முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கி வழியே பார்க்கும் மட்டக் கருவி) வைத்துப் பாருங்கள். நீர் நிரப்பிய ட்யூப் லெவலைப் பத்து இடத்தில் மாற்றி வைத்தால் இடத்துக்கு அரை சென்டிமீட்டர் பிசகினாலும் கடைசியில் ஐந்து சென்டிமீட்டர் வந்துவிடும்.

இப்போது 40 சென்டிமீட்டர் குறைகிறது. இந்த இடத்தில் மேஸ்திரி ஒரு யோசனை சொல்வார்: ‘150 மில்லிமீட்டர் குழாய் போடுவோம், பெரிய குழாய்க்குச் சரிவு குறைவாக இருந்தால் போதும்.’ பல வீடுகளின் நீர் சேர்ந்து ஓடும் குழாய்க்கு அது சரி. ஒன்றிரண்டு வீட்டுக்குப் பெரிய குழாய் போட்டால், அதே நீர் அகலமாகப் பரவி மெல்லிய படலமாக ஓடும். கனமானவை மிதந்து போகாமல் அடியில் தங்கும். குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ள நீரின் வேகம் வினாடிக்கு முக்கால் மீட்டர் அளவில் இருக்க வேண்டும். மெல்லிய படலத்துக்கு அந்த வேகம் வராது. ஆறு மாதத்தில் அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

குறையை வேறு விதமாகச் சரிசெய்யலாம். கடைசி மனையில் வீட்டின் குளியலறை, கழிவறை, சமையலறை எல்லாம் தெருவைப் பார்த்த பக்கம் வரும்படி நிபந்தனை வைத்தால், குழாயின் தலைமுனை 50 மீட்டருக்கு வந்துவிடும். சரிவுக்கு 83 சென்டிமீட்டர், மண்மூடலோடு 60, நிலச் சரிவு அந்த இடத்தில் 58, மொத்தம் 2.01 மீட்டர். மீதிக் குறை 11 சென்டிமீட்டர்தான். அந்த இடத்தில் 15 சென்டிமீட்டர் மண் கொட்டி உயர்த்தினால் பம்ப் தேவையே இல்லை. இதைத்தான் எல்லைக் கோடு போடுவதற்கு முன் செய்ய வேண்டும் என்கிறேன். மனைகளின் வடிவத்தையே மாற்றி, இரண்டு வீடுகளும் நடுவில் முதுகோடு முதுகாக வரும்படி பிரித்தாலும் இன்னும் சில மீட்டர் மிச்சமாகும்.

பம்ப் கடைசி வழி. வேலை செய்யாது என்பதால் சொல்லவில்லை. மின்சாரம் போனால் ஒரு நாள் கழிவுநீரைத் தாங்கும் தொட்டி வேண்டும், திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வேண்டும், அபாய மணி வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பையே மாற்ற வேண்டும். இவ்வளவும் மனை வாங்குபவர் தலையில் விழும். விஷயம் தெரிந்தவர் விலையில் கழித்துக்கொள்வார். தெரியாதவர் வாங்கிய பிறகு உங்களைத் தேடி வருவார்.

உங்கள் நிலத்துக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பின் வீட்டின் தரை, தெரு மேன்ஹோல் மூடியை விடத் தாழ்வாக இருந்தால், தெருக் குழாய் அடைபடும்போது கழிவுநீர் வெளியேற வழி தேடும். மிகத் தாழ்ந்த திறப்பு எதுவோ அதன் வழியாக வெளியேறும். அது பின் வீட்டுக் குளியலறை வடிகாலாக இருந்தால் கதை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே அங்கே கட்டப்படும் தரைமட்டத்தை, அருகில் மேல்பக்கம் உள்ள மேன்ஹோல் மூடிக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். 70 சென்டிமீட்டர் இறக்கத்தில் அது முடியவில்லை என்றால், வீட்டுக்கு வெளியே தரையை விடத் தாழ்வான ஒரு திறந்த வடிகால் வாய் இருக்க வேண்டும். பொங்கினால் முற்றத்தில் பொங்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம். கூடவே எதிரோட்டத் தடுப்பு வால்வும் வேண்டும். அந்த வால்வைத் திறந்து சுத்தம் செய்ய ஒரு சிறு தொட்டி கட்டாயம். மண்ணுக்குள் புதைத்து மறந்துபோன வால்வு அடைப்புக்குத்தான் காரணமாகும்.

அடுத்தது மூன்றரை மீட்டர் வழி. காகிதத்தில் தாராளமாகத் தெரியும். அதில் கழிவுநீர்க் குழாய், இரண்டு தண்ணீர்க் குழாய், இரண்டு மின்கேபிள், தொலைத்தொடர்புக் குழாய், மேலே வண்டித் தடம் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பக்கம் பக்கத்து மனையின் மதில், மறுபக்கம் உங்கள் வீடு. தோண்டும் குழி எந்த அஸ்திவாரத்தையும் குடைந்துவிடக் கூடாது. அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 45 பாகைச் சாய்வில் கீழே ஒரு கோடு இழுத்தால், குழியின் அடி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மதிலின் அஸ்திவாரம் அரை மீட்டர், குழி 1.9 மீட்டர் என்றால் இடைவெளி குறைந்தது 1.4 மீட்டர். வீட்டு அஸ்திவாரம் பொதுவாக மதிலை விட ஆழம் என்பதால் கழிவுநீர்க் குழாயை வீட்டுப் பக்கமாக வைப்பதே நல்லது. ஆனால் உங்கள் வீட்டு அஸ்திவாரத்தின் ஆழத்தை ஒரு சிறு குழி தோண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய வீடுகளில் வரைபடத்தில் இருப்பது மண்ணுக்குள் இருப்பதில்லை.

என் கணக்குப்படி மதிலிலிருந்து அரை மீட்டரில் தண்ணீர்க் குழாய்கள், ஒரு மீட்டரில் மின்கேபிள், அங்கிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தொலைத்தொடர்புக் குழாய், 45 பாகைக் கணக்கு வீட்டுப் பக்கமும் இடம் கொடுத்தால் 2.9 மீட்டரில் கழிவுநீர். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் நடுவே இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. வழியின் முனையில் இரண்டும் குறுக்கிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் மேலே, கழிவுநீர் கீழே, இடையில் குறைந்தது 30 சென்டிமீட்டர். குறுக்கிடும் இடத்தில் இரண்டிலும் மூட்டு வரக் கூடாது. ஒரு முழு நீளக் குழாயின் நடுப்பகுதி அங்கே வரட்டும்.

இனி பிளம்பர் சொன்ன கிளை. செய்ய வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் உங்கள் மீட்டர் வழியாகப் போனால், மூன்று குடும்பங்களின் கட்டணத்துக்கும் பெயர் உங்களுடையது. ஒருவர் கட்டாவிட்டால் மூவருக்கும் நிற்கும். மின்சாரத்தைப் பக்கத்து மனைக்குக் கொடுப்பதைப் பல விநியோக நிறுவனங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன. உங்கள் வீட்டை நாளைக்கு நீங்களே விற்க நினைத்தாலும் வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இதைத்தான். கழிவுநீரில் கிளை எடுப்பது இன்னும் மோசம்: உங்கள் வீட்டு லைனில் அடைப்பு விழுந்தால் பின் வீடுகள் இரண்டும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும், பொங்குவது உங்கள் வாசலில்.

மிச்சமாகும் என்று அவர் சொல்லும் தொகை பெரும்பாலும் குழாயின் விலைதான். குழி தோண்டி, மூடி, தளம் போடும் செலவோடு ஒப்பிட்டால் குழாய் விலை சிறு பங்கு. ஒரே குழியை 20 சென்டிமீட்டர் அகலமாகத் தோண்டினால் இரண்டு மனைக்கும் தனித்தனிக் கழிவுநீர்க் குழாய் போட்டுவிடலாம். கழிவுநீர் நிறுவனம் பொதுக் குழாய் ஒன்றைத் தானே ஏற்றுப் பராமரிக்கச் சம்மதித்தால் மட்டும் ஒரே குழாய் போதும். ஆனால் அதற்கு அவர்களுடைய அளவு, அவர்களுடைய மேன்ஹோல், அவர்களுடைய மேற்பார்வை. வேலை முடிந்த பிறகு ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கேட்டால் தோண்டிக் காட்டச் சொல்வார்கள்.

கிளை வேண்டாம் என்பதோடு இன்னொன்று. இப்போது உங்கள் வீட்டுக்குரிய ஏதாவது விற்கப்போகும் பகுதியில் இருக்கிறதா? பழைய செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி, கிணற்றுப் பம்புக்குப் போகும் கேபிள், கூரை மழைநீர்க் குழாய். உலோகக் குழாயையும் மின்கேபிளையும் தேடும் கருவி பி.வி.சி. குழாயைக் காட்டாது. அதற்குக் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமராவோடு ஒரு சிறு சமிக்ஞைக் கருவியைச் செலுத்தி, மேலே நின்று அதன் இடத்தையும் ஆழத்தையும் குறிப்பார்கள். சந்தேகமான இடங்களில் மண்வெட்டியால் கையாலேயே குழி எடுத்துக் கண்ணால் பாருங்கள். கண்டுபிடித்ததை மாற்றி அமைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பத்திரத்தில் உரிமை எழுத வேண்டும். பழைய செப்டிக் டேங்க் இருந்தால் காலி செய்து, அடியில் துளையிட்டு, மணல் அல்லது சரளை நிரப்பி மூடுங்கள். சும்மா மண்ணைத் தள்ளி மூடிய தொட்டி மேல் வீடு வந்தால் விரிசல் நிச்சயம்.

தண்ணீர்க் குழாயில் எல்லோரும் ஆழத்தைப் பார்ப்பார்கள், விட்டத்தை விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்கு 24 லிட்டர், அதாவது ஒரு ஷவரும் ஒரு சமையலறைக் குழாயும் சேர்ந்து ஓடும் அளவு என்று வையுங்கள். உள்விட்டம் 20 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடிய, வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள பாலிஎத்திலீன் குழாயில் அது 60 மீட்டர் போனால் உராய்விலேயே 5 மீட்டருக்கு மேல் நீர்மட்ட அழுத்தம் போய்விடும். அழுத்தமானிக் கணக்கில் அது அரை ‘பார்’ (bar). உள்விட்டம் 26 உள்ள 32 மில்லிமீட்டர் குழாயில் அதே ஓட்டத்துக்கு ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தெருவில் அழுத்தம் குறைவான ஊரில் மாடியில் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால் அழுத்தத்தை மாலைப் பொழுதில், எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். அதிகாலை இரண்டு மணி அழுத்தத்தை நம்பிக் குழாய் வாங்காதீர்கள். குழாயின் மேல் 60 முதல் 75 சென்டிமீட்டர் மண், இரண்டு மனைக்கும் தெருவிலேயே தனித்தனி டேப்பிங் (தெருக் குழாயிலிருந்து எடுக்கும் இணைப்பு), தனித்தனி வால்வு, மீட்டருக்கு இடம். உறைபனி விழும் நாடென்றால் ஆழம் இன்னும் கூடும்.

மின்சாரத்திலும் இதே கதை, பெயர் மட்டும் மின்னழுத்த இழப்பு. 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் 40 ஆம்பியரை 60 மீட்டர் கொண்டு போக 10 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் போட்டால் பத்தரை வோல்ட் குறையும், நாலரை விழுக்காடு. 16 சதுர மில்லிமீட்டரில் 6.7 வோல்ட், மூன்று விழுக்காட்டுக்குள். 25 போட்டால் நாலு வோல்ட் சொச்சம். வீட்டுக்குள்ளேயும் கம்பியில் இழப்பு உண்டு என்பதால் வழியிலேயே நாலரை விழுக்காட்டைக் கரைத்துவிடக் கூடாது. கேபிளின் சூட்டுத் தாங்கும் திறனை மட்டும் பார்த்து 10 எடுப்பதுதான் வழக்கமான தவறு. அது 40 ஆம்பியரைத் தாங்கும், ஆனால் கடைசி வீட்டில் மோட்டார் முக்கும்.

கேபிளை நேரடியாகப் புதைப்பதை விட அகலமான குழாய்க்குள் விடுங்கள். 60 சென்டிமீட்டர் ஆழம், அடியிலும் மேலேயும் சலித்த மணல், 30 சென்டிமீட்டர் மேலே எச்சரிக்கை நாடா. குழாய்க்குள் இழுப்புக் கயிறு கட்டாயம். தொலைத்தொடர்புக்கு இப்போது எதையும் வாங்க வேண்டாம். கயிறு போட்ட ஒரு காலிக் குழாயை மட்டும் புதைத்து, இரு முனையையும் அடைத்து வையுங்கள். திருப்பங்களில் கூர்மையான எல்போ வேண்டாம், நீளமான வளைவு போடுங்கள், இல்லையென்றால் ஃபைபர் கேபிளை இழுக்க வருபவர் உங்கள் குழாயைக் கைவிட்டுத் தனியாகத் தோண்டுவார்.

மின்சாரத்தில் காலம் பிடிப்பது கேபிள் வேலை அல்ல. தெருவின் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு வீட்டுக்குக் கூடுதல் திறன் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் வருவதுதான். திறன் இல்லை, புதிதாக வைக்க வேண்டும் என்றால் மாதக்கணக்கில் போகும், செலவை யார் தலையில் போடுவார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும். மேலே கம்பி ஏதாவது உங்கள் பின் நிலத்தைக் கடந்து போகிறதா என்பதையும் அண்ணாந்து பார்த்துவிடுங்கள். அதன் கீழே கட்டிடத்துக்கு விட வேண்டிய இடைவெளி ஒரு மனையையே விழுங்கிவிடலாம்.

மழைநீரைக் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. நிலம் பின்னோக்கிச் சரிகிறது. ஆகவே பின் வீட்டுக் கூரைத் தண்ணீர் தெருவுக்கு வராது, பக்கத்து நிலத்துக்குப் போகும். கழிவுநீர்க் குழாயில் அதை விடவும் கூடாது: 150 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7,500 லிட்டர். வினாடிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஓடும் இந்த நீரை வீட்டுக் கழிவுக் குழாயில் விட்டால் தாழ்ந்த வீட்டில் பொங்கும். உறிஞ்சுகுழிதான் வழி. மண் உறிஞ்சுமா என்று சோதிக்க, உறிஞ்சுகுழியின் ஆழத்தில் 30 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு குழி எடுத்து நீர் நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி, முக்கால் மட்டத்திலிருந்து கால் மட்டத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். முதல் நாள் காய்ந்த மண் குடிக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மழைக்காலத்தில் ஏமாறுவீர்கள். கல் நிரப்பிய குழியில் மூன்றில் ஒரு பங்குதான் வெற்றிடம். 7,500 லிட்டர் பிடிக்க இருபது கனமீட்டருக்கு மேல் குழி வேண்டும். கல்லுக்குப் பதில் உள்ளே வெற்றாக இருக்கும் பிளாஸ்டிக் கூடுகளை அடுக்கினால் எட்டு கனமீட்டர் போதும். எந்தக் கட்டிடத்திலிருந்தும் ஐந்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சிறிய மனையில் இந்த ஐந்து மீட்டர் வீட்டின் இடத்தையே தள்ளிவிடும் என்பதால் இதுவும் எல்லைக் கோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

வேலை தொடங்கினால் மிக ஆழமானதிலிருந்து மேலே வாருங்கள்: முதலில் கழிவுநீர், பிறகு மழைநீர், தண்ணீர், மின்சாரம், தொலைத்தொடர்பு, எல்லாவற்றுக்கும் மேலே தளம். 1.2 மீட்டரைத் தாண்டிய குழிக்குள் பக்கப் பலகைத் தாங்கல் இல்லாமல் ஆளை இறக்க விடாதீர்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. சரிந்தால் இழுத்து எடுக்க நேரம் இருக்காது. எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பதும் சரிவுக்கு வழி. குழாயின் அடியில் 10 சென்டிமீட்டர் சிறு சரளைப் படுக்கை போடுங்கள். செங்கல் துண்டை அங்கங்கே வைத்து மட்டம் பார்த்து மண்ணைத் தள்ளினால், செங்கல் இருக்கும் இடத்தில் நிற்கும், இடையில் தொய்யும். அந்தத் தொய்வில் கழிவு தேங்கும். மூடும்போது 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காக இடித்து இறுக்குங்கள். மொத்தமாகத் தள்ளி மேலே தண்ணீர் விட்டால் முதல் மழைக்காலத்திலேயே வண்டித்தடத்தில் நீளமாக ஒரு பள்ளம் விழும்.

மூடுவதற்கு முன் சோதனை. கழிவுநீர்க் குழாயின் கீழ்முனையை அடைத்து, மேல்முனையில் ஒரு மீட்டருக்கு மேல் நீர் நிற்கும்படி நிரப்பி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு அரைமணி நேரம் மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர்க் குழாயை இயல்பான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதிப்பார்கள். பாலிஎத்திலீன் குழாய் அழுத்தத்தில் சற்று விரியும் என்பதால் முதலில் அழுத்தமானியின் முள் இறங்கும், அதைக் கசிவு என்று நினைத்து மூட்டுகளைப் பிரிக்க வேண்டாம். மறுபடி ஏற்றி நிலைத்த பிறகு வரும் இறக்கம்தான் கணக்கு.

கொடுத்துவிட்டு விற்பதா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: வழிக்குள் போகும் எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிடுங்கள், மனைக்குள் போவதை வாங்குபவருக்கு விடுங்கள். ஒவ்வொரு மனைக்குள்ளும் ஒரு மீட்டர் வரை குழாய்களையும் காலிக் கேபிள் குழாயையும் கொண்டுபோய், மூடி போட்டு, தரைக்கு மேலே தெரியும் கம்பத்தில் ஆழத்தை எழுதி நிறுத்துங்கள். மீட்டரும் மின்கேபிளும் வாங்குபவர் பெயரில் வரட்டும். அவருக்கு ஒற்றை ஃபேஸ் வேண்டுமா, மூன்று ஃபேஸ் வேண்டுமா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. வாங்குபவர்களையே தோண்ட விட்டால், முதலாமவர் தோண்டித் தளம் போடுவார், அடுத்த ஆண்டு இரண்டாமவர் அதை உடைப்பார், இரண்டு சண்டைக்கும் நடுவில் உங்கள் வீட்டு வாசல் இருக்கும்.

பத்திரத்தில் எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘இணைப்பு உள்ளது’ என்றால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். உங்களிடம் இருப்பது ‘மனை எல்லை வரை குழாய் கொண்டுவரப்பட்டுள்ளது, இணைப்புக் கட்டணமும் மீட்டரும் வாங்குபவர் பொறுப்பு’ என்பது. வளர்ச்சிக் கட்டணம் போன்றவை மனை பிரிக்கும்போது கேட்கப்படுமா, வீடு கட்டும்போது கேட்கப்படுமா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, யார் கட்டுவது என்று பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.

வழியின் மண் யாருக்குச் சொந்தம், அதில் குழாய் வைக்கவும் தோண்டிப் பழுது பார்க்கவும் யாருக்கெல்லாம் உரிமை, தோண்டியவர் தளத்தைப் பழையபடி போட்டுத் தர வேண்டுமா, பராமரிப்புச் செலவில் யாருக்கு எந்தப் பங்கு, அகலம் எவ்வளவு, மேலே மரமோ கூரையோ வரக் கூடாது என்பது: இவை மூன்று பத்திரங்களிலும் ஒரே சொற்களில் இருக்க வேண்டும், பதிவான வரைபடத்திலும் கோடாக இருக்க வேண்டும். முதல் மனை கைமாறும் வரை எல்லாம் உங்கள் கையெழுத்தில் முடியும். விற்ற மறுநாள் ஒரு குழாயை அரை மீட்டர் நகர்த்தவும் வாங்கியவரின் சம்மதம் வேண்டும், அவர் சம்மதத்துக்கு விலை வைப்பார். முதல் மனையை விற்கும் பத்திரத்திலேயே இரண்டாம் மனைக்கான உரிமையை எழுதிவிடுவது அவசியம். பலர் தவறவிடுவது அதைத்தான்.

அலுவலக வரிசை இப்படி இருக்கட்டும். கழிவுநீர், மின்சாரம், தண்ணீர் மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் எழுதிக் கேளுங்கள்: தெருவில் உள்ள குழாயின் அளவு, ஆழம், கூடுதலாக இரண்டு வீட்டுக்குத் திறன் உண்டா, தனி இணைப்புக்கு நிபந்தனை என்ன. பதில் வருவதற்குள் நிலத்தின் மட்டங்களை அளந்து முடியுங்கள். இரண்டும் கையில் வந்த பிறகு சர்வேயரும் குழாய் வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லையையும் வழியையும் வரையட்டும். அந்த வரைபடத்தோடுதான் மனைப் பிரிவு ஒப்புதலுக்குப் போக வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வர எவ்வளவு அகலம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்றரை மீட்டர் எல்லா ஊரிலும் போதாது.

குழி மூடுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு வால்வுக்கும் திருப்பத்துக்கும் தூரம் அளந்து, ஆழத்தோடு ஒரு தாளில் குறியுங்கள். ஒரே மூலையிலிருந்து அளந்த தூரம் ஒரு வட்டத்தைத்தான் தரும், இடத்தைத் தராது. சோதனைச் சான்று, கட்டணச் சீட்டுகள், இந்தத் தாள் ஆகிய மூன்றின் நகலையும் ஒவ்வொரு பத்திரத்தோடும் இணைத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றை உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.